பனிமலையிலும் தலைமடை

1

ஜப்பானில் பனிச்சறுக்குக்குப் போனால் எங்கே தங்குவது நல்லது என்று ஊரிலிருந்து அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். இனிமேல் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. வீட்டு மூத்தவரைக் கேட்காமல் எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபமெல்லாம் மலையிலிருந்து இறங்கிய அன்றே தீர்ந்துபோயிற்று. மிச்சமிருப்பது இளக்காரம் மட்டும்தான். அது சீக்கிரம் தீராது, தீரவும் வேண்டாம்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் செண்பகம். டோக்கியோவுக்குக் கிழக்கே, நம்மவர்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கிற பகுதியில் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். கணவர் குமரன், கம்ப்யூட்டர் வேலை. நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பகுதி நேரம் பாத்திரம் கழுவுகிறேன். என் கணவர் வீட்டார் ஊரில் 'ஸ்கூல்ல வேலை பாக்குது' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஸ்கூலில் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

எங்களுக்கு ஒரே மகள், கயல்விழி. இங்கேயே பிறந்தவள். ஒன்பதாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நான் தமிழில் கேட்டால் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். நான் ஜப்பானிய மொழியில் பேசினால், பேசி முடிப்பதற்குள் திருத்துவாள். கடையில் காசு கொடுக்கும் இடத்தில்கூடத் திருத்துவாள். கடைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள், நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

அந்தக் கயலுக்குப் பள்ளிச் சுற்றுலாவில் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. பிடித்தது விடவில்லை. நிகாத்தா பக்கம் ஒரு மலையூர். குளிர்காலம் முழுக்கப் பனி, கோடை முழுக்க நெல். ஊர்ப் பிள்ளைகள் குறைந்துபோனதால் அங்கிருக்கும் மேல்நிலைப் பள்ளி வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. பிள்ளைகள் உள்ளூர் வீடுகளில் தங்கிப் படிக்கலாம், பனிச்சறுக்குக் குழுவில் சேரலாம். கயல் எங்களுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் விசாரித்து, பள்ளி ஆசிரியரை வைத்து எழுதிப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். தங்குவதற்கு ஒரு வீடும் பார்த்தாயிற்று. யோஷிகோ என்ற அம்மாள் நடத்துகிற சின்ன விடுதி அது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களுக்கு அறை விடுவார்கள், மற்ற காலத்தில் விவசாயம். யோஷிகோ ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். தாய் தகப்பனை நேரில் பார்த்துப் பேசாமல் எந்தப் பிள்ளையையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாளாம்.

எனக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை நான் சாப்பிட வேண்டும். சமைத்தவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று பார்க்க வேண்டும். அது ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், மகளை மூன்று வருஷம் அங்கே விடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்துவிடும். புத்தாண்டு விடுமுறை முடிந்ததும் பள்ளிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், ஜப்பானைப் பார்க்கக் கிளம்பி வந்தார். மனைவியோடு. பனியைப் பார்க்காமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு.

2

அவர்கள் கிளம்புவதற்கு முன்பே, தங்கும் இடத்தைப் பற்றி டோக்கியோத் தமிழர் வாட்சப் குழுவில் கேட்டார் என் கணவர். கேட்டிருக்கக் கூடாது. பனியில் பிளாஸ்டிக் பலகையில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை சறுக்கியவரெல்லாம் நிபுணராகிவிட்டார்.

ஒருவர், வெளிநாட்டுக்காரர்கள் குவிகிற ஊருக்குப் போங்கள், அங்கே எல்லாப் பலகையும் ஆங்கிலத்தில் இருக்கும், சமோசாகூடக் கிடைக்கும் என்றார். ஜப்பானில் ஜப்பானே இல்லாத இடமாகப் பார்த்துப் போவது அவருக்குச் சாமர்த்தியம். இன்னொருவர், சமையலறை உள்ள அடுக்ககத்தை எடுங்கள், குக்கரைக் கொண்டு போங்கள், கடுகு மட்டும் தாளிக்காதீர்கள், தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்றார். அவருக்கு வந்திருக்கிறதாம். மூன்றாமவர் புல்லட் ரயிலில் போய், புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பச் சொன்னார். இந்த மனிதர் இருபது வருஷமாக ஜப்பானில் இப்படித்தான் வாழ்கிறார். எங்கே போனாலும் புளிசாதம் தீர்ந்ததும் திரும்பிவிடுவார்.

வெந்நீர் ஊற்று உள்ள பாரம்பரிய விடுதி என்றும் ஒரு யோசனை வந்தது. அங்கே பெண்கள் எல்லாரும் ஒன்றாக, துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்று என் ஓரகத்தியிடம் போனில் சொன்னேன். அவர் மச்சாண்டாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்.

"யாரோடம்மா?" என்றார்.

"தெரியாதவங்களோடதான்க்கா."

"தெரியாதவங்கன்னா பரவால்ல. உன்னோடன்னாத்தான் என்னால முடியாது."

அந்த யோசனை அதோடு முடிந்தது.

நான் யோஷிகோவின் விடுதியிலேயே எல்லாரும் தங்கலாம் என்றேன். மலையடிவாரம். ஸ்டேஷனிலிருந்து பஸ். கூரையிலிருந்து ஆளுயரத்துக்குப் பனி தொங்குகிற, பார்வைக்கு ஒன்றுமில்லாத மரவீடு. மகளை விடப்போகிற இடத்தைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, விடுமுறையும் ஆயிற்று. என் கணவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ரயில்கள் தாமாக ஓடுவதற்கு நிரல் எழுதுகிற மனிதர் இவர். சட்டை எடுப்பதற்கும் அண்ணனைக் கேட்பார்.

நாலு விடுதிகளின் படங்களை அண்ணன் இருக்கிற திருவையாற்றுக்கு அனுப்பினார். மச்சாண்டாரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அதை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"தம்பி, படமெல்லாம் பார்த்தேன். இதுல எது மேல இருக்கு? மேல இருக்கறதப் போடு. பனி மேலதானே முதல்ல விழும். கீழ இருக்கறவனுக்கு மிச்சம்தானே வரும்?"

மலையுச்சியில் ஒரு ஹோட்டல். ரோப் கார் ஒன்றுதான் போக வழி, வர வழி. என் கணவர் அன்றைக்கே அதைப் பதிவு செய்தார். அண்ணன் சொன்னதில் அவருக்குத் தவறாக ஒன்றும் படவில்லை.

3

டெல்டாவுக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காவிரித் தண்ணீர் ஆறும் வாய்க்காலுமாகப் பிரிந்து வரும்போது முதலில் பாய்கிற இடம் தலைமடை. கடைசியில், கடலுக்குப் பக்கத்தில், மிச்சமிருந்தால் பாய்கிற இடம் கடைமடை. தலைமடையில் குறுவை, சம்பா என்று இரண்டு போகமும் உண்டு. கடைமடையில் ஒரு போகம் உருப்படியாக வீடு வந்து சேர்ந்தால் அது நல்ல வருஷம். மச்சாண்டார் வீடு தலைமடை. ஆற்றங்கரையிலேயே நிலம். எல்லாவற்றையும் குத்தகைக்கு விட்டுவிட்டு, சேற்றில் கால் வைத்து வெகுகாலமாகிறது. ஆனாலும் நடை உடையில் பழைய மிராசுதார் தோரணை குறைவதில்லை.

என் பிறந்த ஊர் கோடியக்கரைக்குப் போகிற வழியில், உப்பளத்துக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கிறது. அதைவிடக் கடைசியாக ஓர் ஊர் இருக்க முடியாது. வெயில் காலம் முடிகிற சமயத்தில் எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். எப்பத் திறப்பாங்க? மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி. எப்ப வரும்? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் இருக்காது.

தண்ணீர்க் கஷ்டம் இல்லாத இடத்தில் பெண்ணைக் கொடுக்கிறோம் என்று என் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணப் பந்தியில் கை கழுவும் இடத்தில் மச்சாண்டார் அப்பாவைப் பார்த்து, "நாங்க கை கழுவுன தண்ணிதான் உங்க ஊருக்கு வருது சம்பந்தி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மச்சாண்டார் சொன்னதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். அப்பா சிரித்ததை இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

கணவர் ஜப்பானுக்குப் போய் எனக்கு விசா வருவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் தலைமடை வீட்டில் இருந்தேன். தண்ணீருக்குக் குறைவேயில்லை. கொல்லையில் திறந்தால் கொட்டும். முதல் பந்தி மச்சாண்டாருக்கு. அவரோடு யார் வந்தாலும் அவர்களுக்கு. பிறகு மாமனார், மாமியார், பிள்ளைகள், வயலாட்கள். பிறகு ஓரகத்தி. எல்லாருக்கும் கடைசியில் நான். பசி வந்து, போய், திரும்ப வந்து, அதுவும் போன பிறகு சோற்றுப் பானை என்னிடம் வரும். ஆறிப்போன சோறு, அடிவண்டல் ரசம். யாரும் என்னைப் பட்டினி போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் செய்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? எல்லா வீட்டிலும் இப்படித்தானே என்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு வீட்டை எடை போட எனக்கு வேறு அளவுகோல் கிடையாது.

4

ஹோட்டல்காரர்கள் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மூன்று முறை மின்னஞ்சல் போய் வந்தது. கடைசியில் என் கணவர் அண்ணனின் இரண்டு இனிஷியல்களில் முதலாவதை விரித்து, அவர்களுடைய தாத்தா பெயரான வைரப்பனை அந்தக் கட்டத்தில் போட்டார். விளைவு, ஹோட்டலில் எல்லாரும் மச்சாண்டாரை, ஐயா என்ற மரியாதையோடு, 'வைரப்பன்-சாமா' என்று குனிந்து வணங்கிக் கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை. தாத்தாவின் புகழ் ஜப்பான் வரைக்கும் எட்டியிருக்கிறது என்ற முகத்தோடு தாழ்வாரத்தில் உலாவினார்.

ரோப் காரில் ஏறும்போது கயல் கண்ணாடிக்குக் கீழே விரலை நீட்டி, "அதுதான் யோஷிகோ வீடு" என்று காட்டினாள். வெள்ளைக்கு நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. புகைபோக்கியாக இருக்க வேண்டும். மச்சாண்டார் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு பள்ளத்துலயா?" என்றார்.

திட்டம் இதுதான். இரண்டு இரவு மேலே. இரண்டாம் நாள் மாலை எல்லாரும் கீழே இறங்கி யோஷிகோவின் வீட்டில் சாப்பிட வேண்டும், பேச வேண்டும், கடைசி ரோப் காரில் மேலே திரும்ப வேண்டும். இதற்குச் சம்மதம் வாங்குவதற்கே நான் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

முதல் நாள் மச்சாண்டாருக்குப் பனிச்சறுக்கு உடை வாடகைக்கு எடுத்தார்கள். ஆரஞ்சு நிறம். கட்டைகளைக் காலில் மாட்டி நிமிர்ந்தவர், நிமிர்ந்த வேகத்திலேயே உட்கார்ந்தார். இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் உட்கார்ந்தார். பிறகு, இது சின்னப் பசங்க சமாச்சாரம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, இரண்டு கம்புகளையும் ஊன்றி நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டார். திருவையாற்றில் அந்தப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் அவர் மலையிலிருந்து சறுக்கி வந்து நின்றார் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அனுப்பினார்.

மேலே தங்கினால் கிடைக்கும் என்று ஊரெல்லாம் புகழ்கிற காட்சி ஒன்று உண்டு. சன்னலைத் திறந்தால் மலைத்தொடர் முழுவதும் தெரியும் என்று படத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் இருந்தவரை சன்னலுக்கு வெளியே தெரிந்தது மூடுபனி. சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தோம். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது வகை வைத்திருந்தார்கள். மாடும் பன்றியும் எங்கள் வீட்டில் ஆகாது. அவை இல்லாத பாத்திரத்தைத் தேடித் தேடி என் ஓரகத்தி ஒரு தட்டு வெள்ளரிக்காயும் ரொட்டியுமாக வந்து உட்கார்ந்தார். பிறகு கைப்பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். அந்த மலையுச்சியில் அறிவோடு செய்யப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

கயல் மட்டும் இருட்டுகிற வரை சறுக்கினாள். சன்னல் வழியாக மூடுபனியில் அவள் தோன்றுவதும் மறைவதுமாக இருந்தாள். பெரியப்பாவுக்கு ஒரு முறை கை காட்டினாள். அவர் கவனிக்கவில்லை.

5

இரண்டாம் நாள் காலை கயல் என்னிடம் வந்து, முன்னாடியே சறுக்கிக்கொண்டு கீழே போகிறேன், யோஷிகோவுக்குப் பனி அள்ள ஆள் வேண்டுமாம், நீங்கள் சாயங்காலம் ரோப் காரில் வந்துவிடுங்கள் என்றாள். போனாள். மதியம் காற்று எழுந்தது.

காற்று என்றால் நம் ஊர் ஆடிக் காற்று மாதிரி அல்ல. கட்டடமே முனகியது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ரோப் கார் நிறுத்தப்பட்டது, மீண்டும் ஓடும் நேரம் தெரியாது, மன்னிக்கவும். சறுக்கத் தெரிந்தவர்கள் காற்று வலுப்பதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்கள். சறுக்கத் தெரியாமல் உயரத்தில் இருக்க ஆசைப்பட்டவர்கள் மட்டும் மிச்சம். அதாவது நாங்களும், வேறு சில பணக்காரக் குடும்பங்களும்.

யோஷிகோவின் வீட்டுச் சாப்பாடு ஆறு மணிக்கு. மறுநாள் மாலையிலிருந்து அவளுடைய விடுதி நிரம்பிவிடும், அப்புறம் யாரோடும் உட்கார்ந்து பேச அவளுக்கு நேரம் இருக்காது என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள். நான் வரவேற்பறைக்கும் அறைக்குமாக நடந்தேன். கணவர் போனில் வானிலை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், பெரிதாக்கினால் காற்று நின்றுவிடும் என்பதுபோல.

மச்சாண்டார் ரோப் கார் கவுன்டருக்கு முன்னால் போய் நின்றார். கவுன்டரில் இருந்த பெண் தலை குனிந்து வணங்கினாள். இவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கேளு தம்பி. எப்பத் திறப்பாங்கன்னு கேளு."

கேட்டார். தெரியாது என்றாள். அரை மணி கழித்து மச்சாண்டார் மறுபடி போனார்.

"எப்பத் திறப்பாங்களாம்?"

தெரியாது. மன்னிக்கவும்.

நான் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் மதகு ஷட்டர் இருக்கிற பக்கமாகவே இருந்த மனுஷன். திறந்தால் முதலில் நனைகிற வயல். அவர் வாயிலிருந்து எங்கள் ஊர்க் கேள்வி அட்சரம் பிசகாமல் வருகிறது. மகளை நினைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். அவர் இன்னும் இரண்டு தடவை போய்க் கேட்க மாட்டாரா என்று இருந்தது. மூன்று தடவை கேட்டார்.

ஆறு மணி தாண்டியதும் கயலைக் கூப்பிட்டேன். பின்னால் டிவி சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள், வழக்கம்போல ஜப்பானிய மொழியில்.

"அவங்க எப்ப சாப்பிட்டாங்க? சமைச்சவங்க?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "எப்பன்னா? என்கூடத்தான்" என்றாள்.

நான் அதை நம்பிவிடவில்லை. விருந்தாளிக்கு எல்லா வீட்டிலும் முதல் பந்திதான், வீடு தெரிவது மறுநாள்தான். யோஷிகோ போனை வாங்கி என்னிடம் பேசினாள். குசலம் விசாரிக்கவில்லை. ஜனவரி மாதத்தில் யாராவது மேலே போய்த் தங்குவார்களா, காற்றடித்தால் நிறுத்துவார்கள் என்று ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்றாள். நாளை மதியம் வர முடிந்தால் வாருங்கள், அதற்கு மேல் எனக்கு நேரமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னை அவள் திட்டியது எனக்குப் பிடித்திருந்தது. நான் திட்ட நினைத்ததைத்தான் திட்டினாள், திட்ட வேண்டிய ஆளை மட்டும்தான் மாற்றிவிட்டாள்.

அவள் என்ன பேசினாள் என்று மச்சாண்டார் தம்பியைக் கேட்டார். நான் கணவரிடம் சொன்னேன். "கீழ இருக்கறவங்களுக்கு மேல இருக்கறவங்களக் கண்டா ஒரு வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும்" என்றார்.

6

மறுநாள் நண்பகலை ஒட்டித்தான் ரோப் காரைத் திறந்தார்கள். பெட்டிகளோடு இறங்கினோம்.

யோஷிகோவின் வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடையில் நின்றால் பாதம் விறைக்கிறது. ஈரக் கையுறைகளும் மண்ணெண்ணெயும் சேர்ந்த வாடை. டிவி ஓயாமல் ஓடுகிறது. குளியலறை வாசலில் இன்னார் இத்தனை நிமிஷம் என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அறுபதை ஒட்டிய வயது, கட்டைக் குரல், வாயில் சிகரெட் வாடை. வரவேற்பு என்று சொல்லத்தக்கது ஒன்றும் நடக்கவில்லை. காலணியைச் சரியாகத் திருப்பி வைக்கச் சொன்னாள், அவ்வளவுதான். இவளிடமா மகளை விடுவது என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

விருந்தினர் கூடத்தில் இல்லாமல் சமையலறையை ஒட்டிய அறையில் தாழ்வான மேசையைச் சுற்றி உட்காரச் சொன்னாள். அவளுடைய கணவர் அதிகம் பேசாத மனிதர், வந்து உட்கார்ந்தார். மச்சாண்டார் மேசைத் தலைப்பில் இடம் பிடித்துக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். எத்தனை ஏக்கர்? தண்ணீர் எங்கிருந்து? கயல் மொழிபெயர்த்தாள். மலைப்பனி உருகி வாய்க்காலில் வருகிறது, எங்கள் வயல்தான் வாய்க்காலின் கடைசி, அதற்கு அப்புறம் ஆறு என்றார் அந்த மனிதர்.

மச்சாண்டார் சத்தமாகச் சிரித்தார். "அப்படிச் சொல்லு! இங்கயும் கடைமடைதானா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "தம்பி, வேண்டாம்னு சொல்லிடு. போயும் போயும் கடைமடையிலயா நம்ம பொண்ணக் கொண்டாந்து விடறது? பனியப் பார்த்தாச்சு, பெட்டிய எடுத்துக்கிட்டு ஊருக்குத் திரும்புவோம்."

என் கணவர் மேசையைப் பார்த்தார். கயல் அப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா சொன்ன தமிழ் முழுக்கப் புரிந்துவிட்டது என்று அவள் முகம் சொன்னது. இத்தனை வருஷத்தில் அவளுக்குப் புரியக் கூடாதென்று நான் நினைத்த தமிழும் இதுதான்.

அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. அவர்கள் வயலில் விளைந்த அரிசிச் சோறு, மீன், ஏதோ கிழங்கு. மச்சாண்டார் கிண்ணத்தை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். பசி பாவம், முந்தின நாளும் வெள்ளரிக்காய்தான்.

இரண்டு வாய் போன பிறகுதான் அவர் நிமிர்ந்தார். வேறு யாரும் சாப்பிடவில்லை. யோஷிகோ மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவரும் அப்படியே. கயலும் அப்படியே.

"ஏன், யாரும் சாப்பிடலயா?" என்றார்.

கயல் தமிழில்தான் சொன்னாள். மெதுவாக, சொல் சொல்லாக.

"அம்மா நிக்கிறாங்க, பெரியப்பா. பெரியம்மாவும் நிக்கிறாங்க. எல்லாரும் உட்கார்ந்தாத்தான் இங்க சாப்பிடுவாங்க."

அப்போதுதான் நான் என்னைப் பார்த்தேன். சமையலறை வாசலில், சோற்றுப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, மச்சாண்டாரின் கிண்ணம் காலியாகிறதா என்று கண் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் என் ஓரகத்தி ஊறுகாய் பாட்டிலோடு. யாரும் எங்களை நிற்கச் சொல்லவில்லை. அந்த வீட்டில் சமைத்தவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று பார்க்க வந்தவள் நான். அவர்கள் எல்லாரும் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையில் இருந்த அத்தனை பேர் மேலும் எனக்கிருந்த இளக்காரம் அந்த ஒரு கணம் என் மேலேயே திரும்பியது.

"சோறு ஆறுகிறது, உட்காருங்கள்" என்றாள் யோஷிகோ. அதையும் அதட்டித்தான் சொன்னாள்.

நான் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"மாமா," என்றேன். அவரைப் பார்த்து நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. "உங்க வீட்டுக்குத் தண்ணி முதல்ல வந்துச்சு. எனக்குச் சோறு கடைசியாத்தான் வந்துச்சு. எம்பொண்ணு இங்க இருக்கட்டும்."

மச்சாண்டார் தம்பியைப் பார்த்தார். அண்ணன் முகத்தையே பார்த்துப் பழகிய என் கணவர், இந்த முறை என்னைப் பார்த்தார். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்கார்ந்து, யோஷிகோவிடம் எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில், மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எத்தனை பிழைகள் விட்டேனோ தெரியாது. கயல் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

என் ஓரகத்தி எனக்கு முன்பே உட்கார்ந்து, ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். யோஷிகோ சோற்றைப் பார்த்துக் கை கூப்பினாள், எல்லாரும் கூப்பினார்கள். வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு மச்சாண்டாரும் கூப்பினார்.

சோறு சூடாக இருந்தது.